ரேடியேட்டருக்கு ஒரு சொம்பு

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. செங்கல்பட்டில் வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைத்தேன். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு முந்தைய நாளின் குறிப்பை எழுதி முடித்தேன். மற்ற நாள்களில் அடுத்தது பொத்தேரிக்கு மின்சார ரயில். அங்கே ஒரு கல்லூரியின் இன்ஜின் ஆய்வகத்தில் கருவிகளுக்கு நான் பொறுப்பு. மாணவர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் இன்ஜின்களைத் திரும்பச் சேர்ப்பதும் என் வேலைதான். அன்று விடுப்பு. ஸ்பேனர்கள், வால்வு ஸ்பிரிங்கை அழுத்தும் கிளாம்ப், எஃகு அளவுகோல், காந்தக் குச்சி, பழைய துணிகள் எல்லாவற்றையும் பையில் அடுக்கிக்கொண்டு கடப்பாக்கத்துக்கு பஸ் ஏறினேன். மறுநாள் அம்மாவின் காரியம்.

கடப்பாக்கத்தில் இருப்பது அண்ணன் வீடு. அவர் மாமல்லபுரம் விடுதிகளுக்கு டாக்சி ஓட்டுகிறார். அம்மா அவரோடுதான் இருந்தாள். அவளுக்கு நெஞ்சு வலி வந்த காலையில் அண்ணன் அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு மருத்துவமனைக்குப் புறப்பட்டார். மதுராந்தகம் வருவதற்கு முன், இரண்டு பக்கமும் வயலாக இருந்த ஓர் இடத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அம்மா இல்லை.

எரித்துவிட்டு வீடு திரும்பியதும், கேளம்பாக்கத்திலிருந்து வந்திருந்த எங்கள் தங்கை எல்லார் முன்னாலும் அண்ணனைக் கேட்டாள்.

"ஊருல கீற வெள்ளக்காரனையெல்லாம் ஏத்திகினு போவத் தெரியுது. பெத்தவள ஏத்தினா மட்டும் வண்டி நின்னுடுமா? கௌம்பும்போது தண்ணி பாத்தியா நீ? ஆயில் பாத்தியா?"

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சின்னண்ணா, நீ பிரிச்சுப் பாரு. இன்னா ஆச்சுன்னு உன் வாயால சொல்லு, நம்புறேன். இவரு பாக்காம உட்டதுதான்னா, காரியத்துக்கு நான் வரமாட்டேன். இந்த வூட்டுப் படிய மிதிக்கவே மாட்டேன்."

அவள் சொன்னால் செய்துவிடுபவள். அதனால்தான் அந்த விடுப்பு, அந்தப் பை.

கயிறு கட்டி இழுத்து வந்த கார், வீட்டுக்குப் பக்கத்தில் தென்னை மர நிழலில் நின்றது. அண்ணன் முகத்தில் தாடி. நான் துணிகளை விரித்துக் கருவிகளை அளவு வாரியாக வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் வந்துட்டாரு. போஸ்ட்மார்ட்டம் ஆரம்பிக்கலாமா?"

"டீ இருந்தா குடு. அப்புறம் பேசு."

"வாத்தியாருக்கு டீ வேணுமாம், டீ," என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

முதலில் பேட்டரி ஒயரைக் கழற்றினேன். பிறகு ரேடியேட்டரின் அடியில் வாளி வைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். இன்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் பச்சையாக வர வேண்டும். கால் வாளி கூட நிரம்பவில்லை. வந்ததும் துருவின் நிறத்தில் இருந்தது. அதைத் தனியாக மூடி வைத்தேன். டீசல் குழாய்கள், பெல்ட், மேல்மூடி, அதன் கீழே வால்வுகளை அமுக்கும் கேம் ஷாஃப்ட் என்று வரிசையாக எடுத்தேன். சிலிண்டர்களை மேலிருந்து மூடியிருக்கும் ஹெட்டின் போல்ட்டுகளை இரண்டு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஒன்றை முழுதாகக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால் ஹெட் வளைந்துவிடும். இதை அண்ணனிடம் சொன்னேன்.

"வளையறதுக்கு இன்னும் மிச்சம் இருக்குதுன்றியா?"

அவர் கேட்டது சரியாகத்தான் இருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, மரக்கட்டைகள் மேல் ஹெட்டைக் கவிழ்த்து வைத்தோம். எஃகு அளவுகோலை அதன் முகத்தில் நிறுத்திக் குனிந்து பார்த்தேன். நடுவில் வெளிச்சம் தெரிந்தது; ஹெட் வளைந்திருந்தது. இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதற்கும் இடையில் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு எரிந்து கரியாகியிருந்தது. இது திடீரென்று நின்ற இன்ஜின் அல்ல. வெகுதூரம் கொதித்துக்கொண்டே ஓடியது.

"டெம்பரேச்சர் முள்ளு எங்க ஏற ஆரம்பிச்சுது?"

அண்ணன் கரி பிடித்த விரலை வேட்டியில் துடைத்தார்.

"செய்யூர் தாண்டுறதுக்குள்ளயே."

"அங்கயே நிறுத்தியிருந்தா ஹெட் பொழைச்சிருக்கும்."

"பின்னாடி சீட்டுல அம்மா படுத்துகினு கீது. ஹெட்டக் காப்பாத்தச் சொல்றியாடா?"

நான் வால்வுகளுக்குப் போனேன். கிளாம்பைத் திருகி ஸ்பிரிங்கை அழுத்தினால், வால்வுத் தண்டின் நுனியைக் கவ்வியிருக்கும் இரண்டு சிறிய துண்டுகள் விடுபடும். லாக் என்போம். அவற்றைக் காந்தத்தால் எடுத்து, ஸ்பிரிங்கை எடுத்து, வால்வைக் கீழ்ப்பக்கமாக உருவ வேண்டும். அட்டைப்பெட்டி ஒன்றில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி, ஒவ்வொரு வால்வையும் அதனதன் எண்ணில் குத்தி வைத்தேன். ஒவ்வொன்றும் தன் இருக்கையோடு உரசி உரசிப் பழகியிருக்கும். இடம் மாறினால் சரியாக மூடாது. மூன்றாவது சிலிண்டரின் புகை வால்வு வர மறுத்தது. மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தேன். அது இருந்த இடத்துக்கும் பக்கத்து வால்வின் இடத்துக்கும் நடுவே மயிரிழை போல ஒரு விரிசல். அந்த ஹெட் இனி எதற்கும் ஆகாது. ஆனாலும் மீதி வால்வுகளையும் எடுத்து எண்ணில் குத்தினேன். அட்டையில் ஓட்டைகள் காலியாக இருப்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

கொதித்தது ஏன் என்பது இன்னும் மீதியிருந்தது. ஹெட்டில் தண்ணீர் ஓடும் துளைகளைப் பார்த்தேன். விரல் நுழைய வேண்டிய இடத்தில் பென்சில் நுழையவில்லை. உள்ளே வெள்ளையாகப் படிந்து இறுகியிருந்தது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றினேன். இன்ஜின் சூடாகும்போது திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்புவது அது. வெள்ளைப் பொருக்கு அதை மூடிய நிலையிலேயே பூட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தேன். கரித்தது.

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.

எங்கள் அப்பாவிடம் மாட்டுவண்டி இருந்தது. சவுக்குக் கட்டை ஏற்றுவார். காளைகளுக்குத் தண்ணீர் காட்டாமல் வண்டி பூட்ட அம்மா விடமாட்டாள். காளைகள் போய், பல வருடங்கள் கழித்து அண்ணன் கார் வாங்கினார். முதல் நாள் காலையிலேயே அவள் சொம்போடு வந்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் அண்ணன் பானெட்டைத் தூக்கி ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். அம்மா ஒரு சொம்பு ஊற்றுவாள். மிஞ்சியது வழிந்து கீழே ஓடும். நான் போகும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், சிரித்திருக்கிறேன். குழாய்த் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்பது அவள் கணக்கு. காருக்குக் கிணற்றுத் தண்ணீர். கடலோரக் கிணறு, அதில் சோப்பு நுரைக்காது. ஒவ்வொரு சர்வீசிலும் ஊற்றிய பச்சைக் கூலன்ட்டை அவளுடைய சொம்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளிவிட்டது.

"உனக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஆவாதுன்னு தெரியும். வேணாம்னு ஒருவாட்டி சொன்னேன். ரெண்டு நாள் சோறு துன்னல அது. அப்புறம் நானே மூடியத் தொறந்து உட்டேன்." என் கையிலிருந்த தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கப் பார்த்தார். "தோ பாரு, தங்கச்சிகிட்ட இதச் சொல்லாத. நான் பாக்கலன்னே இருக்கட்டும். செத்தவ தலையில போடாதடா."

"அவ வரமாட்டா."

"வரலன்னா போறா."

தங்கை மதியமே வந்துவிட்டாள். படியை மிதிக்க மாட்டேன் என்றவள், சொன்னபடியே வேலிக்கு வெளியே ரோட்டில் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"சின்னண்ணா, இன்னாதான் கீது அதுல?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார். "நீ சொன்னதுதான். நான் தண்ணி பாக்கல. போதுமா?"

"உன்னக் கேக்கல. அவரக் கேட்டேன்."

நான் வேலி ஓரமாகப் போய் தெர்மோஸ்டாட்டை அவள் கையில் வைத்தேன். அவள் அந்த வெள்ளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வீட்டில் வெந்நீர் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்து வளர்ந்தவள் அவள்.

"நம்ம அண்டாவுல படியுமே, அது."

"ஆமா."

"கெணத்துத் தண்ணி." அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். "அந்தச் சொம்பா?"

"ஆமா. சூடு ஏறினது இவருக்குத் தெரியும். அம்மாவக் கொண்டு சேக்கணும்னு நிறுத்தாம ஓட்டியிருக்காரு. நின்னது இதனாலதான்."

பின்னாலிருந்து அண்ணன், "உன் வாயில மண்ணு உழ," என்றார்.

தங்கை அங்கேயே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. "பொங்கலுக்கு வந்தப்போ நான் மொண்டு குடுத்தேன்," என்றாள். "அம்மா காரக் காட்டி, 'உன் தம்பிக்குத் தண்ணி காட்டுடி'ன்னு சொல்லிச்சு. நானும் ஒரு சொம்பு ஊத்தினேன்."

ரோட்டில் போன சைக்கிள்காரர் ஒருவர் இறங்கி எங்களைப் பார்த்துவிட்டுப் போனார். அண்ணன் வேலிவரை வந்தார். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். தெர்மோஸ்டாட் அவள் கையிலேயே போய்விட்டது. நாளை வருவாயா என்று நாங்கள் கேட்கவில்லை.

மாலையில் ஹெட்டைச் சாக்கில் கட்டினேன். இன்ஜினின் நான்கு குழிகள் மேல் துணி விரித்துப் பானெட்டை மூடினேன். எட்டு வால்வுகளையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எண் மாறாமல் அதே அட்டையில் வைத்தேன். பயனில்லை என்று தெரிந்தேதான் செய்தேன். அண்ணன் அன்று சாப்பிடவில்லை. என்னோடு பேசவும் இல்லை.

மறுநாள் காலை, காரியத்துக்கு முதல் வேலையாக அண்ணன் குளிக்க வேண்டும். நான் கிணற்றில் நீர் இறைத்து வாளியில் ஊற்றினேன். அவர் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்த தங்கை, பையைக்கூடக் கீழே வைக்காமல் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு நேராகக் கிணற்றடிக்கு வந்தாள். அம்மாவின் சொம்பு கிணற்றுச் சுவர் மேலேயே இருந்தது. அதை எடுத்து வாளியில் மொண்டாள்.

"குனி," என்றாள் அண்ணனிடம். "உப்புத் தண்ணி. கண்ண மூடிக்கோ."

அவர் குனிந்தார். அவள் ஊற்றினாள்.