அரிசி டிரம்முக்குள் ஒளித்த மாத்திரை

அப்பாவுக்கு நெஞ்சுவலி இருப்பது எங்கள் தெருவுக்கே தெரியும். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும் தெரியக் கூடாதாம். இது அப்பாவின் அண்ணன் போட்ட உத்தரவு. எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம்.

"இருதயக்காரன் வீட்டுல எவன் பொண்ணெடுப்பான்? அவிய போற வரைக்கும் மாத்திரை கீத்திரைன்னு யாரும் வாயைத் தொறக்கப்பிடாது" என்றார்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் விழுங்குகிற மாத்திரைகள் தனி. வலி வந்தால் உடனே உட்கார்ந்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளும் சின்ன மாத்திரை தனி. அது எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். மெல்லிய வெள்ளைச் சட்டையில் அட்டை வெளியே தெரிகிறது என்று பெரியப்பா அதை உருவி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கொண்டுபோய் அரிசி டிரம்முக்குள் புதைத்தாள். அப்பா தலையாட்டிக்கொண்டு நின்றார்.

வந்தவர்களை மாடியில் உட்கார வைக்கலாம், காற்று வரும் என்றார் பெரியப்பா. தன் தம்பி திடமாக இருக்கிறான் என்று காட்ட வேண்டுமே, அதற்காக அவர்கள் கண்ணெதிரே அப்பாவையே நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு படியேற வைத்தார்.

காபித் தட்டோடு நான் போனபோது அப்பாவின் முகம் வெளிறிக் கிடந்தது. காலர் நனைந்திருந்தது. ஒரு கை நெஞ்சைப் பிடித்திருக்க, உதட்டில் மட்டும் சிரிப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று விசாரித்தார்.

"எம்புட்டுப் புழுக்கம் பாத்தீகளா" என்று பெரியப்பா சமாளித்தார்.

தட்டை வைத்துவிட்டுக் கீழே ஓடினேன். கையை முழங்கை வரை அரிசிக்குள் விட்டுத் துழாவி, அட்டையை எடுத்துக்கொண்டு மாடியேறினேன். பட்டுப்புடவையெல்லாம் அரிசித் தூசி.

"ஏட்டி, உள்ள போ!" என்று பெரியப்பா பல்லைக் கடித்தார். நான் காதில் வாங்கவில்லை. மாத்திரையை அப்பாவின் வாய்க்குள் வைத்தேன். பதற்றத்தில் அவர் அதை விழுங்கப் பார்த்தார்.

"முழுங்காதீக. நாக்குக்கு அடியிலயே கரையட்டும்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "பொறவு தலை வலிக்கும், பயப்படாதீக. வலி நிக்கலன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்."

சொல்லிவிட்டுத்தான் மனைவி முறைப்பதைப் பார்த்தார். சட்டென்று தன் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டார். அவர்கள் வீட்டிலும் ஒரு அரிசி டிரம் இருக்கிறது என்று எனக்குப் புரிந்துபோயிற்று.

சற்று நேரத்தில் அப்பாவுக்கு வலி அடங்கியது. காபியைத் தொடாமலே அவர்கள் கிளம்பினார்கள். சில நாள் கழித்துக் கல்யாணத் தரகர் போனில் பதில் சொன்னார்: பெண் வீட்டில் இருதய நோய் இருக்கிறதாம், பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கு ஆகாதாம். எனக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. பெரியப்பா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அதில் எனக்கு நிம்மதிதான்.

ஆனால் அவரிடம்கூட வராத அருவருப்பு, தரகர் போன் வந்த அன்று மாலை வந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, கண்கலங்கச் சொன்னார்:

"என்னால நல்ல எடம் போச்சேம்மா. அவிய எந்திரிச்சுப் போற வரைக்கும் நான் பொறுத்திருக்கணும்."