மூன்றாம் மாடிப் பையன்

“அம்மா குளிக்கிறாங்க. அப்புறமா வாங்க அங்கிள்.”

தண்ணீர் வடிகட்டி விற்க வந்தவர், “சரிப்பா, அம்மாகிட்ட சொல்லு” என்று கதவிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கதவுக்கு இந்தப் பக்கம் ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர் குளிக்கவும் இல்லை. அந்த வீட்டில் அவரைத் தவிர ஓர் ஈ, காக்கைகூடக் கிடையாது. கணவர் போன பிறகு, தனியாக இருப்பது வெளியே தெரிய வேண்டாம் என்று ஆரம்பித்த தந்திரம் இந்தப் பையன் குரல். இப்போது, மணியடித்தால் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருக்கிறது. அன்றைக்கு இன்னொருவரிடம் வாய் திறக்க ஒரு சாக்குக் கிடைத்ததே!

இரண்டாம் மாடி வீட்டம்மா படிக்கட்டில் பார்த்தால் விடமாட்டார். “உங்க வீட்டுப் பையன் ரொம்ப சமத்துங்க. ஓடற சத்தம், ஆடற சத்தம் ஒண்ணுமே கேக்கறதில்ல.”

“ஆமாங்க, இருக்கற இடமே தெரியாது” என்பார் இவர். இதில் பொய் எங்கே இருக்கிறது?

தொழில் வட்டாரத்தில் இவருக்குப் பொடியம்மா என்று பெயர். சின்னப் பையன்களுக்குக் குரல் கொடுப்பவர். நிஜப் பையன்களை நம்ப முடியாது, பாதி வேலையில் மீசை முளைத்துக் குரல் உடைந்துவிடும். பொடியம்மாவுக்கு அந்தத் தொல்லை இல்லை. செருப்பைக் கழற்றி, முழங்காலை லேசாக மடக்கி, முகவாயைத் தூக்கிக்கொண்டு மைக் முன்னால் நின்றால் எட்டு வயது. பெரியவர்களோடு பேசும் பையன் அண்ணாந்துதானே பேசுவான்!

கப்பலில் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடி, ஓட்டைப் படகில் ஓர் ஆமையோடு கிளம்புகிற பொடியனின் படத்தை யார்தான் பார்த்திருக்க மாட்டார்கள்? விடுமுறை நாளென்றால் ஏதாவது ஒரு சேனலில் ஓடும். படகு கரையை விட்டு நகர்வதோடு படம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதை இருபத்தாறு கதைகளாக, கார்ட்டூன் தொடராகப் போடுவதாகத் திட்டம். பொடியனின் குரல் பொடியம்மா. இருபத்தைந்து கதைகளின் குரல்பதிவு முடிந்தது. அதற்குள் படம் எடுத்தவர்களுக்கும் கார்ட்டூன் கம்பெனிக்கும் உரிமைச் சண்டை மூண்டு, ஒரு திங்கட்கிழமை பதிவுக்குப் போனபோது கம்பெனி வாசலில் பூட்டுத் தொங்கியது. ஒரு கதைகூட ஒளிபரப்பாகவில்லை. ஒன்பது வருடம் ஆகிறது.

ஒரு தடவை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண்கள் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். “பாவம்டி, அந்தப் பையன் அவங்கப்பாவக் கண்டுபிடிச்சிருப்பானா?” பொடியம்மாவுக்கு நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. பனிப்பாறையில் மாட்டியது, ஆமைக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் இவருக்குத் தெரியும். ஆனால் வலியப் போய்ச் சொன்னால் யாருக்கோ மூளை பிசகிவிட்டது என்றல்லவா இடம் மாறி உட்காருவார்கள்? தன் நிறுத்தம் வந்ததும் பேசாமல் இறங்கிவிட்டார்.

இருபத்தாறாவது கதையின் தாள்கள் பீரோவில், புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. அதில்தான் அப்பா கிடைக்கிறார். “கடைசிப் பக்கத்த வீட்டுல வாய்விட்டுப் படிச்சிடாதீங்க. மொதல் தடவ மைக்லதான் வரணும்” என்று இயக்குநர் சொல்லியிருந்தார். சொன்னவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! இவர் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. தினமும் காலையில் அடுப்படியில் நின்று பழைய கதைகளைப் பேசிப் பார்ப்பார். ஐஸ் தண்ணீரைத் தொடமாட்டார். கூப்பிட்டால் மறுநாளே போய் நிற்க வேண்டுமே! கடைசிப் பக்கத்தை மட்டும் கண்ணால் படித்து மடித்து வைத்துவிடுவார்.

போன மாதம் ‘அங்கிள்’ என்பது இரண்டாகப் பிளந்து வந்தது. டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“குரல் நாண்ல சின்னதா ஒரு முடிச்சு. புதன்கிழமை எடுத்துடலாம். பேச்சுக்குப் பயமில்லம்மா. ஆனா அந்தச் சின்னப் பையன் குரல் திரும்ப வரும்னு என்னால சொல்ல முடியாது.”

“பேச்ச வச்சுக்கிட்டு நான் என்ன டாக்டர் பண்றது? யார்கிட்ட பேசப் போறேன்?” என்று சிரித்தார் பொடியம்மா. டாக்டர் சிரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, அந்தத் தொடருக்கு ஒலிப்பதிவு செய்தவருக்குப் போன் போட்டார். அவர் இப்போது கடைகளுக்கு விளம்பர அறிவிப்புகள் பதிவு செய்து கொடுக்கிறார்.

“சவுண்டு சார், மைக் ஒரு அரை மணி நேரம் கிடைக்குமா?”

“எதுக்கும்மா?”

“பொடியன அவங்கப்பாகிட்ட சேத்துடலாம்னு பாக்கறேன்.”

“இப்பவே வாங்க” என்றார் அவர்.

சத்தம் எதிரொலிக்காமல் சுவரெல்லாம் போர்வை ஒட்டிய சின்ன அறை, நடுவில் ஒரு கண்ணாடி. அந்தத் தொடரில் ஒவ்வொருவர் குரலையும் தனித்தனியாகத்தான் பதிவு செய்வார்கள். எதிரில் பேசுகிறவரின் வசனத்துக்கு இடம் விட்டுக் காத்திருக்க வேண்டும். அவர் பேசி முடிக்கும் நேரம்வரை சவுண்டு சார் கண்ணாடிக்குப் பின்னால் ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டுவார்; விரல் இறங்கினால் பேசலாம்.

“அப்பா குரலுக்கு ஆளில்லையேம்மா” என்றார்.

“இடம் விட்டுடுங்க சார். வழக்கம்தானே?”

பொடியம்மா செருப்பைக் கழற்றினார். முழங்கால் மடங்கியது, முகவாய் உயர்ந்தது. நடுநடுவே குரல் பிசிறியது. நிறுத்தி, வெந்நீர் குடித்து, மறுபடி பேசினார். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது தாளைப் பார்க்கவே இல்லை.

“அப்பா! நான்தாம்ப்பா. என்ன அடையாளம் தெரியலயா?”

பிசிறே இல்லை. எட்டு வயதுக் குரல் அந்த அறை முழுக்க நின்றது. சவுண்டு சாருக்குக் கண் கலங்கிவிட்டது. பொடியனுக்கு அதற்குமேல் வசனம் கிடையாது. அப்பாவின் பதில் ஒரு வரிதான் பாக்கி. அதை யார் பேசப் போகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, பதிவை நிறுத்தக் கையை நீட்டினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தூக்கிய முகவாயை இறக்காமல், பொடியம்மா ஒற்றை விரலை உயர்த்தினார்.