ஏழாம் கல்லில் பட்ட அத்தர்

சென்ற வெள்ளி ஜும்ஆவில் பக்கத்தில் இருந்தவர் என் புறங்கையில் சந்தன அத்தர் தேய்த்துவிட்டார். எங்கள் கல்முனையில் இதை யாரும் மறுப்பதில்லை. மறுத்த ஒரே ஆளை எனக்குத் தெரியும்: என் மனைவியின் தம்பி காசிம்.

எண்பதுகளின் தொடக்கம். நான் இங்கிலாந்தில் ஆராய்ச்சி மாணவன். விடுமுறைக்கு ஊர் வந்தபோது, கோமாரிக் கடலோரப் பாறையில் பன்னிரண்டு துண்டுகள் கொண்டுவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். பாசியும் கடலும் கல்லின் மேல்தோலில் விட்டுப்போகும் சேதனச் சேர்வைகளை, அதாவது காபன் கலந்த பொருட்களை, இலத்திரன் நிறமாலைமானி என்ற பொறியில் பார்ப்பது எங்கள் வேலை. எக்ஸ் கதிர் பட்டதும் கல்லிலிருந்து இலத்திரன்கள் துள்ளி வரும். அவற்றின் சக்தியை அளந்தால் அங்கே ஒட்டியிருப்பது என்னவென்று தெரியும். ஆனால் அந்தப் பொறிக்குத் தெரிவது மேலேயுள்ள சில அணு அடுக்குகள் மட்டுந்தான். ஒரு விரலின் எண்ணெய்ப் பசை பட்டாலும் அதுவும் காபனாகத் தெரியும், காரியம் கெட்டது. கல்லெடுக்க உதவிக்கு வந்த காசிமுக்கு இதையெல்லாம் பெரிய விஞ்ஞானி போல விளக்கினேன். அவனுக்கு ஒரு கல்லூரி ஆய்வுகூடத்தில் உதவியாளர் வேலைமீது ஆசை. பேராசிரியரின் நற்சான்றுக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தேன்.

கல்லெடுக்கப் போன அன்று ஜும்ஆ முடிந்து புறப்படும்போது, பள்ளிவாசலில் ஒரு ஹாஜியார் அத்தர் போத்தலோடு நின்றார். காசிம் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"வேணாம் ஹாஜியார். கல்லத் தொடுற வேல இரிக்கி."

"கல்லுக்கும் மூக்கு இரிக்கா மனே?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன்.

கோமாரியில் அவன் ஒவ்வொரு கல்லையும் இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் மடித்து, எண் போட்டான். ஏழாவது கல் நழுவி உருண்டது. அலை வருமுன் பாய்ந்து பிடித்தவன் நான், வெறுங்கையால்.

"மச்சான், கை?" என்றான் மெதுவாக.

ஒன்றும் ஆகாது என்றேன்.

இங்கிலாந்து திரும்பிப் பொறியில் வைத்தபோது, ஏழாவது கல்லின் வரைபடத்தில் காபனின் முகடு தென்னை மரம்போல எழுந்தது. பாசி விட்ட தடயம் என்று பேராசிரியர் மூன்று நாள் துள்ளித் திரிந்தார். நாலாம் நாள் சந்தேகம் வந்து, யார் கையால் தொட்டது என்று கேட்டார். கூட வந்த உதவியாளன் என்றேன். என் பட்டம் போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை. அப்படிப்பட்டவனுக்கு எப்படிக் கடிதம் கொடுப்பது என்றார். நான் எட்டாவது கல்லை எடுத்துப் பொறிக்குள் வைத்தேன்.

காசிம் சவூதிக்கு லொறி ஓட்டப் போனான். போகுமுன், அடுத்த விடுமுறைக்கு வந்திருந்த என்னிடம் ஒன்றுதான் கேட்டான்:

"நம்மட கல்லெல்லாம் சரியா வந்திச்சா மச்சான்?"

"ஓம்" என்றேன்.

இப்போது அந்தப் பாறை இல்லை, உடைத்து எடுத்துவிட்டார்கள். காசிமும் இல்லை, சவூதியிலேயே மௌத்தாகி அங்கேயே அடங்கிவிட்டான். அன்று அவன் கை சுத்தமாக இருந்தது என்பதற்கு இருந்த ஒரே சாட்சி நான்தான்.