பச்சைக்கல் நழுவிய மாலை

அருள்நேசனுக்கு மியூசியத்தில் காவலாளி வேலை கிடைத்ததே மரியநாயகியால்தான். அங்கே துப்புரவு வேலை செய்த அவள், ஆள் எடுக்கிறார்கள் என்று சொல்லி விண்ணப்பத்தையும் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் மன்னார்க்காரர்; புலம்பெயர்ந்து வந்து, பிளேஸ்டோவில் ஒரே தேவாலயத்துக்குப் போகிறவர்கள்.

1996இல் அங்கே ஒரு சீனக் கண்காட்சி வந்தது. பழங்கால அரசன் ஒருவனின் கல்லறையில் கிடைத்த கத்தி ஒன்று அதில் இருந்தது. பச்சை ஜேட் கல்லில் டிராகன் செதுக்கி, கம்பில் பொருத்துவதற்கு ஏற்றபடி செய்தது. சண்டைக்கல்ல, சடங்குக்கு.

ஒரு நாள் மூடும் நேரத்தில், கால் உளைவு தாங்காமல் அருள்நேசன் அந்தக் கண்ணாடிப் பெட்டியில் பாரம் போட்டுச் சாய்ந்தான். உள்ளே 'டிக்' என்றது. கத்தி தாங்கியிலிருந்து நழுவிக் கிடந்தது. நுனியில் சிறு உடைவு. கோட்டை மாட்டிக்கொண்டு பேசாமல் வீட்டுக்குப் போனான்.

மறுநாள் விசாரணை. கடைசியாகப் பெட்டியைத் துடைத்தவள் மரியநாயகி. மேலாளர் அவனிடம் ஏதாவது கண்டாயா என்று கேட்டார். இல்லை என்றான். அந்தக் கிழமையே அவளை நிறுத்திவிட்டார்கள்.

ஞாயிறுகளில் அவன் தேவாலயத்தின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, பூசை முடியுமுன் நழுவினான். ஐந்தாம் கிழமை பொறுக்கமுடியாமல் மேலாளரிடம் எல்லாம் சொன்னான். அவர் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். கத்தியைக் கல்லறையிலிருந்து எடுத்தபோதே அதன் நுனி உடைந்திருந்தது. அது விசாரணை நாளிலேயே அவருக்குத் தெரியும். துடைக்கும்போது கத்தியை நழுவவிட்ட கவனக்குறைவுக்காகத்தான் அவளை நிறுத்தினாராம். அவனுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் வந்தது. அவளைத் திருப்பி எடுக்கவில்லை.

கடிதம் வந்த அன்றே அவள் வீட்டுக்குப் போனான்.

"அக்கா, அது நான்தான்."

"தெரியும், தம்பி. நான் வாளியோட வாசலில நிண்டனான். நீங்கள் சாஞ்சதைக் கண்டனான்."

"அப்ப ஏன் அவையிட்டச் சொல்லேல்லை?"

"அடுத்த நாள் காலமை நீங்களே சொல்லுவியள் எண்டு இருந்தன். பிறகு நான் சொன்னா ஆர் நம்புறது?"

அவளுக்கு ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஷிப்ட் வேலை கிடைத்திருந்தது; அதற்கு அவள் புறப்படும் நேரம். அவன் பஸ் தரிப்பு வரை கூட நடந்தான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. சலவைக்கூடத்து வெக்கையைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டு வந்தாள். பஸ் வரும்வரை அவன் நிலத்தைப் பார்த்து ஓம், ஓம் என்றான்.