மாயாண்டியின் சட்டையைத் துவைத்தவர்

நான் கப்பலேறிய நாள் 1961 மார்ச் பதினாறு, வியாழக்கிழமை. பகல் இரண்டு மணிக்குச் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் இருக்க வேண்டும். காலை பத்தரைக்கு நாரிஸ் ரோட்டுச் சலவைக்கடையில் மருதப்பன் என் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கொக்கி மாயாண்டிக்காக வழக்காடிக்கொண்டிருந்தார்.

"எட்டுப் பேர அடிக்கிறான் பாப்பா. எட்டுப் பேரு! சட்டையில ஒரு பொட்டு இல்ல, ஒரு கசங்கல் இல்ல. அப்ப அவன் அடிச்சானா, ஆசீர்வாதம் பண்ணானா?"

புடவையின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க நான் எதிர்ப்பக்கம் நின்றேன். அந்தக் கடைக்கு அவசரமாகப் போகும் எல்லாப் பெண்களுக்கும் இந்த வேலை உண்டு. இழுத்துப் பிடித்தபடி மாயாண்டியின் நியாயத்தையும் கேட்க வேண்டும்.

மாயாண்டி, மதராஸிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகையின் கடைசி இரண்டு படக்கதைப் பக்கங்களில் வாழ்ந்தவன். துறைமுகக் கூலி. மூட்டை இழுக்கும் இரும்புக் கொக்கிதான் ஆயுதம். வாரம் ஒருவன் தோளிலாவது அதை மாட்டிவிடுவான். ரத்தம் கறுப்பு மையாகக் கட்டத்தைத் தாண்டிப் பக்கத்தின் ஓரம்வரை தெறிக்கும். அந்த வருஷங்களில் இப்படிப்பட்ட புத்தகங்களை ஒழித்துக்கட்ட வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசினார்கள். பேசியவர்களில் இரண்டு பேரின் ஜிப்பாக்கள் மருதப்பன் கடையில்தான் வெளுத்தன. வெளுத்ததை மடித்து அடுக்கிவிட்டு, அந்த அடுக்கின் அடியிலிருந்தே பத்திரிகையை உருவிப் படிப்பார்.

படிப்பதிலும் ஒரு முறை வைத்திருந்தார். எல்லோரும் சண்டையிலிருந்து தொடங்குவார்கள். அவர் கடைசிக் கட்டத்திலிருந்து தொடங்குவார். ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் தீப்பெட்டி அளவில் ஒரு படம் இருக்கும், வசனம் கிடையாது. மாயாண்டி குழாயடியில் குந்தி, தன் சட்டையைத் தானே கசக்கிக்கொண்டிருப்பான். சின்னப் பிள்ளைகள் கவனிக்காமல் தாண்டிப் போகிற படம் அது.

"பாரு, பச்சத் தண்ணியில கசக்குறான். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, கறை இறுகிப் போயிரும். படம் போட்டவனுக்குத் தொழில் தெரிஞ்சிருக்கு லா. இதுல பொய் சொல்லாதவன் வேற எதுலயும் சொல்ல மாட்டான்."

இந்த ஒரு காரணத்துக்காக, முகம் தெரியாத அந்த ஓவியரை அவர் முழுதாக நம்பினார். ஒருமுறை அவர் மனைவி பூவம்மா, கைக்குக் கிடைத்த தாள் என்று மாயாண்டியின் பதினான்காம் வாரத்தில் யாரோ ஒரு கிளார்க்கின் கால்சட்டையைச் சுற்றிக் கொடுத்துவிட்டார். மருதப்பன் டோபி காட் வரை நடந்துபோய், கிளார்க்கின் வீட்டுக் கதவைத் தட்டி, கால்சட்டையை அவரிடமே விட்டுவிட்டுத் தாளை மட்டும் வாங்கி வந்தார்.

மனிதர்களை அவருக்கு முகத்தால் தெரியாது. சட்டைக் காலரால் தெரியும். "இங்க் பாட்டில் வந்துட்டுப் போனாரு" என்பார். அது பள்ளிக்கூட வாத்தியார். "கோழிக்குறுமா இன்னும் வரலியே" என்றால், வாராவாரம் கல்யாண விருந்து சாப்பிடும் ஒரு தரகர். சினிமாவுக்குப் போனாலும் இதே கண்தான். இங்கிலீஷ் படக்கதை வீரன் ஒருவன் முகமூடியோடு கூரையிலிருந்து குதித்த படத்துக்கு என் அண்ணன் அவரை அழைத்துப்போனான். இடைவேளை வரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்த மருதப்பன், "அந்தத் துணியில வேர்வ எப்பிடிப் போகும்? மாத்துத் துணி எங்க வெச்சிருக்கான்?" என்று கேட்கத் தொடங்கி, முன்வரிசை சீனப் பாட்டி ஒருத்தி திரும்பி முறைத்த பிறகுதான் நிறுத்தினாராம்.

இப்படிப்பட்டவரின் கைக்கே மாயாண்டியின் சட்டை வந்து சேர்ந்தது.

மதராஸ் கம்பெனி ஒன்று தொடரைப் படமாக எடுத்தது. துறைமுகச் சண்டையைச் சிங்கப்பூரில் எடுத்தால் ஜனங்களுக்குப் புதுசாக இருக்கும் என்று பத்து நாளைக்கு வந்து இறங்கினார்கள். உடைகளுக்குப் பொறுப்பாக வந்த நூருல் அமீன், ஒல்லியான, எப்போதும் வியர்த்திருக்கிற இளைஞன். எட்டு வெள்ளை முழுக்கைச் சட்டைகளோடு நாரிஸ் ரோட்டுக்கு வந்தான்.

"எட்டும் ஒரே ஆளுக்கா தம்பி?" என்று மருதப்பன் கேட்டிருக்கிறார்.

"ஹீரோவுக்குண்ணே. ஒரு ஷாட்டுக்கு ஒண்ணு. வேர்த்தா மாத்திடுவோம். அவரு அழுக்கா இருந்தா ரசிகருங்களுக்குப் புடிக்காது."

"சண்ட போடுறவன் லா?"

"சண்டதாண்ணே. ஆனா வெள்ளையா போடணும்."

பத்து நாளும் அந்த எட்டுச் சட்டைகள் மாலையில் வந்து காலையில் போயின. அடி வாங்குகிறவர்கள் மேல்தான் சினிமா ரத்தம் பூசுவார்கள். பாகும் சாயமும் கலந்தது. கடைக்கு வந்து சேர்வதற்குள் எறும்பு மொய்த்துவிடும். கொக்கியையும் ஹீரோ கையில் எடுக்கவில்லை. அது இடுப்பில் சாவிக்கொத்து மாதிரித் தொங்கியது. கயிறு கட்டி நிறுத்திய கூட்டத்தோடு நின்று, கடையைப் பூவம்மாவிடம் விட்டுவிட்டு, மருதப்பன் இரண்டு நாள் இதையெல்லாம் பார்த்துவிட்டு வந்தார். வந்து சாப்பிடவில்லை என்று பூவம்மா சொன்னார்.

படப்பிடிப்பு முடிந்த நான்காம் நாள்தான் நான் புடவைக்கு எதிர்ப்பக்கம் நின்றது. கம்பெனிக்காரர்களும் என் கப்பலில்தான் திரும்பிப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். பூவம்மா உலர்ந்த துணி எடுக்கப் பின்கட்டுக்குப் போனதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"பாப்பா, ஊர விட்டுப் போறவகிட்ட சொன்னா கடலோட போயிரும். அதான் உங்கிட்ட சொல்றேன். ஒரு கறைய விட்டுட்டேன்."

எனக்குப் புரியவில்லை.

"கடைசி நாளுக்கு அனுப்புன சட்டையில. அடி வாங்குனவன் ரத்தம் தெறிச்சு இடது கைப்பட்டியில, பொத்தானுக்குப் பக்கத்துல, புளியங்கொட்ட அளவு இருந்துச்சு. அரை மூடி எலுமிச்சம்பழம் போதும், போயிரும். பழத்த நறுக்கிட்டேன். அப்புறம் அந்தப் பழத்தப் பிழிஞ்சு தண்ணியில ஊத்திக் குடிச்சிட்டேன்."

"வேணும்னேயா?"

"வேணும்னுதான். கறை உள்பக்கமா போற மாதிரி மடிச்சுக் குடுத்தேன். அந்தத் தம்பி பாக்கல. ஹீரோ போட்டாரு. கேமராவ கிட்ட கொண்டுபோயி கைய மட்டும் புடிச்சாங்க பாப்பா. இடது கைய! நான் கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமும் இருந்தது, களவு செய்தவனின் கலக்கமும் இருந்தது. முப்பது வருஷமாக ஒரு கறையோடு ஒரு துணி அந்தக் கடையைவிட்டு வெளியே போனதில்லை. பூவம்மா பாசாரில் மீன்காரனிடம்கூட அதைத்தான் பெருமையாகச் சொல்வார்.

"இவளுக்குத் தெரிஞ்சா செத்தேன். அந்தத் தம்பி வேலையும் போயிரக் கூடாது. ஆனா படத்துல தெரியணும் பாப்பா. ஒரு நொடி தெரிஞ்சாப் போதும். கப்பல்ல யாராச்சும் பேசுனா காதுல வாங்கி வெச்சுக்க."

கப்பலில் யாரும் சட்டையைப் பற்றிப் பேசவில்லை. கம்பெனிக்காரர்கள் சீட்டாடினார்கள், சிங்கப்பூரில் வாங்கிய கைக்கடிகாரங்களை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஹீரோ முதல் வகுப்பைவிட்டு இறங்கி வரவேயில்லை. நூருல் அமீன் ஏழு நாளும் வாந்தி எடுத்துக்கொண்டு படுத்திருந்தான். அவனிடம் போய் என்னவென்று கேட்பது?

பிறகு நான் மதராஸ், பம்பாய், ஏடன், லண்டன் என்று ஆறு வருஷம் சுற்றினேன். படத்தை எங்கேயும் பார்க்கவில்லை. அது ஓடிய ஊரில் நான் இல்லை. நான் இருந்த ஊரில் அது ஓடவில்லை.

திரும்பி வந்து, 1967 ஜனவரியில் கடைக்குப் போனபோது ஊரே டெரிலின் போட்டுக்கொண்டிருந்தது. மருதப்பனுக்கு அது பிடிக்கவில்லை. "இந்தத் துணிக்கு ஞாபகமே கெடையாது பாப்பா. நேத்து யாரு போட்டான்னு கேட்டா சொல்லாது" என்றார். என் ரவிக்கைக் காலரைப் பார்த்து, "ரொம்ப ரயில்ல போயிருக்க" என்றும் சொன்னார். அது உண்மைதான்.

பூவம்மா கோப்பி வாங்கிவரப் போன நேரத்தில் நான் கேட்டேன். "படம் வந்துச்சா? தெரிஞ்சுதா?"

வந்ததாம். 1963இல், சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துத் தியேட்டரில், இரண்டு வாரம் ஓடியது. முதல் நாளே போயிருக்கிறார்.

"மாயாண்டிக்கு ஒரு அம்மா, ஒரு கண்ணு தெரியாத தங்கச்சி. புத்தகத்துல அவன் அனாத லா! குழாய் வருது, இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுல ஹீரோயினி குடம் பிடிக்கிறா. அதுக்கு ஒரு பாட்டு."

"நம்ம சண்ட?"

"அதத்தான் கத்தரிச்சுட்டானுங்களே!" தணிக்கையில் சண்டையின் நடுப்பகுதி போய்விட்டது; சிங்கப்பூரிலா, மதராஸிலேயேவா என்று தெரியவில்லை. "கைய ஓங்குறான். அடுத்தது பாத்தா எல்லாரும் கீழ கெடக்குறாங்க, அவன் மாலையும் கழுத்துமா நிக்கிறான். பொல்லாதவன்னு பேரு, ஒரு அடி கண்ணுல காட்டல. மூணு தடவ போயி உக்காந்தேன் பாப்பா, ஒருவேள மத்தியானக் காட்சியில போடுவானோன்னு. இவ கேட்டா, பாட்டு நல்லாருக்குன்னு சொன்னேன்."

அதாவது, வாழ்நாளில் வேண்டுமென்றே விட்ட ஒரே கறை திரைக்குப் போனதா, மதராஸ் குப்பைக்கூடைக்குப் போனதா என்பது ஆறு வருஷமாக அவருக்குத் தெரியாது. ஈப்போவிலிருந்து வந்தவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். நாகப்பட்டினத்திலிருந்து வந்த ஒருவரிடமும் கேட்டார். எல்லோரும் பாட்டைத்தான் பாடிக் காட்டினார்கள்.

மே மாதத்தில் பூவம்மா ஒரு சேதியோடு வந்தார். மாயாண்டியின் இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்களாம். கம்பெனி மறுபடி சிங்கப்பூர் வருகிறதாம்.

"எழுதும்மா ஒரு லெட்டர், இங்கிலீஷ்ல. போன தடவ நாங்கதான் வெளுத்தோம், இந்தத் தடவையும் எங்களுக்கே குடுங்கன்னு எழுது."

"வேணாம் விடு. டெரிலின் போட்டுட்டு வருவானுங்க" என்றார் மருதப்பன்.

"உங்களக் கேக்கல. நீ எழுதும்மா. முப்பத்தாறு வருஷத்துல ஒரு கறைகூட மிஞ்சுனதில்லன்னு போடு. அடிக்கோடு போடு."

நான் மருதப்பனைப் பார்த்தேன். அவர் ஒரு தலையணை உறையை, அதற்கு எந்தத் தகுதியும் இல்லாத அக்கறையோடு, மூன்றாம் முறை தேய்த்துக்கொண்டிருந்தார். எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

பதில் வர ஆகஸ்ட் ஆயிற்று. கம்பெனியின் பெயர் அச்சிட்ட உறை. உள்ளே தட்டச்சு செய்த ஒரு தாள், நாலாக மடித்திருந்தது. கடையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான். பூவம்மா கையைத் துடைத்துக்கொண்டு என் அருகில் வந்து நின்றார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. நன்றி. ஆனால் இம்முறை வேறு சலவையகத்தை ஏற்பாடு செய்துவிட்டோம். காரணம், முதல் பாகத்தின் துறைமுகச் சண்டையில்...

அங்கே நிறுத்தினேன்.

"படிம்மா" என்றார் பூவம்மா.

"துறைமுகச் சண்டையில், கதாநாயகனின் இடது கைப்பட்டியில், ஒரு கறை இருப்பது திரையில் தெளிவாகத் தெரிகிறது. மதுரையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ரசிகர்கள் அதைச் சுட்டிக்காட்டி எழுதியிருக்கிறார்கள். இத்தகைய கவனக்குறைவை மீண்டும் அனுமதிக்க இயலாது. இப்படிக்கு, நூருல் அமீன், தயாரிப்பு நிர்வாகி."

பூவம்மா தாளை எட்டிப் பார்த்தார். "கறையா? நம்ம கடையிலயா? எவன் வாய் கூசாம சொல்றான்? அந்த ஒல்லிப் பையனா? எழுதும்மா! இப்பவே எழுது. பொய்யின்னு எழுது. அவன் ஊர்ல போயி வெத்தல துப்பிட்டு எங்க தலையில கட்டுறான்னு எழுது. என்னங்க, பேசாம நிக்கிறீங்க? உங்க பேருதான போவுது!"

மருதப்பன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தத் தம்பி நிர்வாகி ஆயிட்டானா?"

"ஆமா."

"எந்தக் கைன்னு போட்டிருக்கு?"

"இடது கை."

"தெரியுதுன்னா போட்டிருக்கு?"

"தெளிவாத் தெரியுதுன்னு இருக்கு."

"மதுரையில தெரியுதா?"

"கொழும்புலயும்."

பூவம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

மருதப்பன் என் கையிலிருந்து கடிதத்தை வாங்கினார். மேசைமேல் இருந்த யாருடைய சட்டையையோ ஒதுக்கிவிட்டு, வெள்ளைத் துணி ஒன்றை விரித்தார். இஸ்திரிப் பெட்டியின் சூட்டைப் புறங்கையில் பார்த்தார். அதிகம் என்று கொஞ்ச நேரம் ஆறவிட்டார். பிறகு எழுத்து கருகிவிடாமல் தாளைக் குப்புறப் போட்டு, நாலு மடிப்பும் போகும்வரை பின்பக்கமாக மெதுவாகத் தேய்க்கத் தொடங்கினார்.