காப்பு கட்டிய பத்து நாள் என் கண் எரியவில்லை

போன வருஷம் ஆனி மாதம் ஒரு காலையில், என் கையில் இருந்த இடுக்கி எனக்கு இரண்டாகத் தெரிந்தது. கட்டிலில் ஒரு பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். அவள் இமைக்குப் பக்கத்தில் என் கை. எது நிஜ முடி, எது நான் ஒட்டிய முடி என்று தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. எழுந்து வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்தேன்.

மாரியம்மாவின் பிள்ளைகளே, நான் பார்வதி. வயது அறுபத்திரண்டு. சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங் பகுதியில் ஒரு மேல்மாடிக் கடையில் அழகு நிலையம் வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பாடாங் செராய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய கை இது. அதே கையால்தான் இந்தப் பக்கத்தில் பாதி மணப்பெண்களை மேடை ஏற்றினேன். ஐம்பத்தைந்து வயதில் இமை முடி ஒட்டும் வேலையையும் கற்றுக்கொண்டேன். ஒவ்வொரு முடியாகப் பசை தொட்டு ஒட்ட வேண்டும். இரண்டு மணி நேரம் குனிந்தபடி, மூச்சை அடக்கிச் செய்கிற வேலை. என் அளவுக்குச் சுத்தமாக ஒட்டுகிறவள் சுங்கை பட்டாணியிலேயே கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

கண் சிவந்து, மணல் விழுந்தது போல உறுத்த ஆரம்பித்தபோது சூடு என்று நினைத்தேன். விளக்கெண்ணெய் தேய்த்து முழுகினேன். நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் வைத்துக் கட்டினேன். என் வளர்ச்சியைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் நிறைய, அதனால் கண்ணேறு என்று திருஷ்டியும் கழித்தேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகவில்லை. கண்ணை அறுத்துவிடுவார்கள் என்று பயம்.

எனக்குப் பிள்ளை இல்லை. சுமதிதான் பிள்ளை. அவளும் தோட்டத்துப் பெண். புருஷன் விட்டுப் போனபோது கையைப் பிடித்துக் கூட்டிவந்து தொழில் கற்றுக்கொடுத்தேன். எட்டு வருஷம் என் கூடவே இருந்தாள். எனக்கு மலாய் பேச வரும், படிக்க வராது. இங்கிலீஷ் சுத்தம். சாமான் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் சுமதிதான் படிப்பாள். நான் அவளையே என் கண்ணாக நினைத்தேன்.

காற்று பட்டால் பசை சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால் ஜன்னலை அடைத்து, விசிறியை நிறுத்திவிட்டுத்தான் வேலை செய்வேன். சுமதி மட்டும் வாயையும் மூக்கையும் மூடி மாஸ்க் போட்டு, கண்ணாடியும் மாட்டி, கதவோரத்துக் கட்டிலில்தான் வேலை செய்வாள்.

"என்னாடி இது, ஆப்பரேஷன் ரூமா?" என்று கேலி செய்வேன்.

"எனக்குத் தூசு ஒத்துக்காதுக்கா."

என் கண் மோசமாக ஆக, என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் அவள் கட்டிலுக்குப் போனார்கள். "அக்கா, நீங்க உக்காருங்க லா, நான் பாத்துக்கறேன்" என்பாள். எவ்வளவு பாசம் என்று நெகிழ்ந்துபோனேன்.

ஆடி மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதிக்குக் காப்பு கட்டிக்கொண்டேன். "தாயே, கண்ணைத் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் இது எதனால் என்றாவது காட்டு. வெள்ளியில் இரண்டு ஜோடி கண்மலர் சாத்துகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று என் சுமதிக்கு" என்று அழுது வேண்டினேன்.

காப்பு கட்டினால் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. பத்து நாள் கோயில் மண்டபத்திலேயே கிடந்தேன். கஞ்சி காய்ச்சினேன். விறகுப் புகை, கற்பூரப் புகை, சாம்பிராணிப் புகை. நாலாம் நாள் உறுத்தல் நின்றது. எட்டாம் நாள் அம்மாவின் மூக்குத்திக் கல் தனியாக மின்னுவது தெரிந்தது. நெருப்பில் இறங்கி ஏறியபோது என் கண் பளிச்சென்று இருந்தது.

மறுநாள் துள்ளிக்கொண்டு கடைக்கு வந்தேன். ஜன்னலை அடைத்தேன், பசையைத் திறந்தேன். ஒரு மணி நேரம்தான். மறுபடியும் எரிச்சல், மறுபடியும் தண்ணீர்.

கடையில் இருக்கும் அம்மா படத்துக்கு முன்னால் நின்று, "நீயும் என்னைய ஏமாத்திட்டியா?" என்று கத்தினேன்.

கத்திய வாய் மூடுவதற்குள் ஒன்று உறைத்தது. அவ்வளவு புகையில் எரியாத கண் இங்கே ஏன் எரிகிறது? அம்மா என்னைப் பத்து நாள் கட்டிப்போட்டது எதற்கு? காட்டு என்று கேட்டேன். காட்டிவிட்டாள்.

பசையைப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் டாக்டர் நம் தமிழ்ப் பெண். கண்ணைப் பார்த்துவிட்டு, பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தார்.

"பசையோட ஆவி கண்ணுல படக்கூடாது, காத்தோட்டம் வேணும், கண்ணாடி போடுன்னு பெருசா போட்டிருக்கே. யாரும் உங்களுக்குப் படிச்சுக் காட்டலையாம்மா?"

எனக்கு அந்த மாஸ்க் ஞாபகம் வந்தது. கதவோரத்துக் கட்டில் ஞாபகம் வந்தது.

சுமதியிடம் தாளை நீட்டினேன். அவள் மழுப்பவில்லை.

"இந்தப் பசை வந்த மொத வாரமே சொன்னேன்க்கா. 'ரப்பர் பால் ஸ்டோர் அமோனியா வாடையில வளந்தவ நான், எனக்கே பாடம் எடுக்கிறியா'ன்னு சிரிச்சீங்க."

"ஒரு தடவைதானே சொன்ன? என் கண்ணு போறத தினமும் பாத்தியே, அப்புறம் ஏன்டி சொல்லல?"

"நீங்க உக்காந்தாதான்க்கா எனக்கு ஆளுங்க வந்தாங்க."

அடுத்த மாதமே தனிக்கடை போட்டாள். "அக்காவுக்குக் கண்ணு போச்சு" என்று சொல்லியே என் ஆட்களை அழைத்துக்கொண்டாள். தாளை நீட்டிய அன்று அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை பசையைவிட எரிந்தது. இன்றும் எரிகிறது. பொய் சொல்ல மாட்டேன்.

டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தை விட்டேன். சில வாரம் வேலையைத் தொடவில்லை. கண் திரும்பியது. இப்போது பசை ஆவி வெளியே போகச் சுவரில் விசிறி வைத்திருக்கிறேன். மாஸ்க், கண்ணாடி இல்லாமல் கட்டில் பக்கம் போவதில்லை. எந்தப் பெட்டி வந்தாலும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துச் சொன்ன பிறகுதான் திறப்பேன். படிக்கத் தெரியாது என்று சொல்ல இந்தப் பார்வதி இப்போது வெட்கப்படுவதில்லை.

வேண்டுதல் பாக்கி இருந்தது. என் கண்மலரை உடனே சாத்திவிட்டேன். அவளுடையது பல வாரம் என் கைப்பையிலேயே கிடந்தது. எனக்குத் துரோகம் செய்தவளுக்கு நான் ஏன் சாத்த வேண்டும்? ஆனால் நான் கேட்டதை அம்மா செய்தாள். நான் சொன்னதைச் செய்யாமல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது? தை வெள்ளியன்று கொண்டுபோனேன். பூசாரி யார் பெயருக்கு என்று கேட்டார். "சுமதி" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை. அந்த மனதையும் அம்மாவிடமே கேட்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள், அவள் கைவிட மாட்டாள். அவள் காட்டும்போது மட்டும் என்னைப் போல வீம்பு பிடிக்காமல் பாருங்கள், டாக்டரிடம் போங்கள். அன்று சந்நிதியில் நின்று வெகுநேரம் அழுதேன். கற்பூரப் புகை முகத்தில் அடித்தது. கண் எரியவில்லை.