இரண்டாம் பெயூலாவின் நாற்பத்தொரு விசிறிகள்

பல்கலைக்கழகத்தில் அவர் அறைக் கதவில் பித்தளைத் தகடு ஒன்று உண்டு: க்வாபெனா அடேயெமி டிஸ்டேல், இணைப் பேராசிரியர், ஆப்பிரிக்க வம்சாவளிக் கலை. ‘இணை’ மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். ஜார்ஜியாவின் மேக்கன் ஊருக்குள் இந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால், “எந்த நாட்டுக்காரரு?” என்று திருப்பிக் கேட்பார்கள். பீவீ என்று கேட்டுப் பாருங்கள். ஆளைக் காட்டுவதோடு, ஏழு வயதில் ஞானஸ்நானத் தொட்டியில் மூழ்கமாட்டேன் என்று போதகரின் கையைக் கடித்த கதையையும் சேர்த்துச் சொல்வார்கள்.

இருபத்தொன்பது வயதில் பன்னிரண்டு நாள் கானாவுக்குப் போய்வந்தார் பீவீ. திரும்பி வந்ததும் பெற்றவர்கள் வைத்த ஆர்வில் என்ற பெயரைக் கழற்றிப் போட்டார். புதுப் பெயரில் பாதி கானா, பாதி நைஜீரியா. கானாவிலிருந்து வந்து கணக்குத் துறையில் வேலை பார்ப்பவர் ஒருமுறை அன்பாகக் கேட்டார், “க்வாபெனான்னா செவ்வாய்க்கிழமைப் பிள்ளை. நீங்க செவ்வாய்க்கிழமையா பிறந்தீங்க?” பீவீ அன்று சாயங்காலமே அக்காவுக்குப் போன் போட்டார்.

“சனிக்கிழமைடா,” என்றாள் வெர்டீன். “அம்மா மீன் பொரிச்சிட்டிருந்தா. அடுப்ப அணைக்கக்கூட நீ நேரம் குடுக்கல.”

அதற்குள் கடிதத்தாள் அச்சாகிவிட்டிருந்தது. ஆகவே அவர் செவ்வாய்க்கிழமையாகவே இருந்துவிட்டார்.

கெட்டிக்காரர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சின்ன வயதில் காணிக்கை உறையின் பின்பக்கத்தில் அவர் வரைந்த முகங்களை சபையில் பலர் இன்னும் பைபிளுக்குள் வைத்திருக்கிறார்கள். அந்தக் கை பொய் சொல்லாது. வாய்தான் வடக்கே போய்ப் படித்துக் கெட்டுப்போனது. முன்னோர்களின் பாரம்பரியத்தைத் தேடுகிறேன் என்பார். அந்தப் பாரம்பரியம் எப்போதும் அவருக்குக் கைக்கெட்டிய தூரத்திலேயே கிடைத்தது, பெரும்பாலும் சொந்தக்காரர் வீட்டில். மாமாவின் சவரக்கடை நாற்காலி ‘மூதாதையரின் மௌனம்’ ஆகி நியூயார்க் போனது. வெர்டீனின் இரும்புச் சட்டி அட்லாண்டாவில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அன்றிலிருந்து டிஸ்டேல் வீட்டுச் சோளரொட்டிக்கு ருசியில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று எங்கள் பேராசிரியர் கலை வளர்த்துவந்தார்.

பதினாறு வருடம் இணைப் பேராசிரியராகவே இருந்தாயிற்று. இந்த ஆகஸ்டில் ஊர் அருங்காட்சியகத்தில் அவருக்குத் தனிக் கண்காட்சி. அதைப் பார்க்க டீன் வருவார். பார்த்துத் திருப்தியானால் ‘இணை’ போகும். இல்லையென்றால் அந்தப் பொடி எழுத்தோடுதான் ஓய்வு பெறவேண்டும்.

கண்காட்சிக்கு அவர் யோசித்தது விசிறி. தேவாலயத்து அட்டை விசிறிதான். முன்பக்கம் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் ஒரு குடும்பம், பின்பக்கம் விளம்பரமாகக் கிட்ரெல் ஈமச்சடங்கு நிலையத்தின் தொலைபேசி எண், கீழே மரப்பிடி. முதலில் பழம்பொருள் சந்தையில் தேடினார். அங்கே கிடைத்தவையெல்லாம் சுத்தமாக இருந்தன. கறை இல்லாத வரலாறு ஒரு வரலாறா என்று வருந்தினார்.

மே மாதம் ஒரு புதன்கிழமை நடுப்பகலில் இரண்டாம் பெயூலா பாப்டிஸ்ட் சபைக்குப் போனார். முதலாம் பெயூலா எங்கே என்று கேட்காதீர்கள். பியானோவை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் தாத்தாமார் காலத்தில் பிரிந்தோம், இன்னும் பேச்சுவார்த்தை இல்லை. ஞானஸ்நானத் தொட்டிக்குப் பின்சுவரில் வரைந்திருந்த யோர்தான் நதி உரிந்துகொண்டிருந்தது. சாயம் பூசித் தருகிறேன் என்று மூன்று வருடம் முன்பு வாக்குக் கொடுத்துச் சாவி வாங்கியவர் பீவீ. அன்றைக்கு நிஜமாகவே யோர்தானுக்குச் சாயம் பூசத்தான் போனார். இருக்கைகளுக்கு நடுவே நின்றபோது, ஒவ்வொரு இருக்கையின் முதுகிலும் சொருகியிருந்த விசிறிகள் கண்ணில் பட்டன. வேர்வை பிடித்தவை, ஓரத்தைக் குழந்தைகள் மென்றவை, அழுத கண்ணீர் ஊறியவை. ஒன்றை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்த உணர்ச்சி உண்மைதான். அடுத்த நிமிடம் நாற்பத்தொரு விசிறிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கியதும் உண்மைதான். போன வருடம் புதுக் குளிர்சாதனம் வைத்தாயிற்று, இனி இதை யார் தேடப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதற்கு அவர் வைத்த பெயர் மீட்பு. யோர்தான் அப்படியே உரிந்துகொண்டிருந்தது.

விசிறிகள் வெர்டீனின் பொறுப்பு. பள்ளிக்கூடச் சமையலறையை நடத்துகிறவள், ஞாயிற்றுக்கிழமை வந்தால் சபையின் வாசல் ஊழியர்களுக்குத் தலைவி. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். இருபத்திரண்டு வருடமாக ஆராதனையில் அவள் உட்கார்ந்ததை யாரும் பார்த்ததில்லை. அவள் ஒரு விரலைத் தூக்கினால் சபை மூப்பரான டீக்கன்கூட வாசலில் நிற்பார். யாராவது பரிசுத்த ஆவியில் நிறைந்து துள்ளினால், அவர்களுடைய மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு விசிறத் தொடங்குவாள். எடுத்த விசிறி ஆசீர்வாத ஜெபத்துக்குள் இருந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும் என்பது அவள் சட்டம்.

புதுக் குளிர்சாதனம் வந்தபிறகு விசிறிப் பக்கம் யார் கையும் போகவில்லை. ஜூலையில் மகளிர் ஞாயிறு அன்று அது படுத்துவிட்டது. அதே நேரம் பார்த்து எண்பத்தெட்டு வயது லவ்லேஸ் அம்மாவுக்கு ஆவி இறங்கிவிட்டது. “விசிறி!” என்று வெர்டீன் கையை நீட்டினாள். ஊழியக்காரிகள் இருக்கைகளின் முதுகைத் தடவினார்கள். ஒன்றுமில்லை. காணிக்கை உறைகளால் விசிறிப் பார்த்தார்கள். லவ்லேஸ் அம்மா மெல்லச் சரிந்து, தன் ஊதாத் தொப்பியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொப்பி போனது போனதுதான்.

வெள்ளிக்கிழமை சபைக் கூட்டம். டீக்கன் பெண்டில்டன் எழுந்தார். “விசிறியவே காப்பாத்தத் தெரியாதவங்க வாசலக் காப்பாத்துவாங்களா?” என்றார். எங்கள் சபையில் தண்டனை ஒன்றே ஒன்று. ஊழியத்திலிருந்து நிறுத்தி, உட்கார வைத்துவிடுவார்கள். வெர்டீன் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் தம்பிக்குப் போன் பண்ணினாள். “என்னை உட்கார வச்சுட்டாங்கடா பீவீ.”

பீவீயின் எதிரே நீள மேசையில் நாற்பத்தொரு விசிறிகளும் வரிசையாகப் படுத்திருந்தன. திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

“யாரு எடுத்திருப்பாங்கக்கா?” என்றார்.

“முதலாம் பெயூலாக்காரனுங்கதான். வேற யாரு? அந்தப் பியானோப் பசங்க. போகட்டும் விடு. உன் கண்காட்சிக்கு சபை வண்டியில எல்லாரையும் கூட்டிட்டு வர்றேன். எனக்கும் மனசு கொஞ்சம் ஆறும்.”

“எதுக்குக்கா சிரமம்? எல்லாம் உங்களுக்குப் புரியாத கலை.”

“புரியாட்டி என்ன? என் தம்பி மாட்டினது. வந்து நிப்பேன்.”

சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். ஆனால் விசிறி போனால் கண்காட்சி இல்லை, கண்காட்சி இல்லையென்றால் ‘இணை’ போகாது. பீவீ அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, சுவரில் எழுதவேண்டிய குறிப்பைத் தட்டச்சு செய்யப் போனார்.

ஆகஸ்ட் மாதம், சனிக்கிழமை பிற்பகல், கண்ணாடிக் கூரை போட்ட மண்டபம். வெள்ளைச் சுவர் முழுக்க விசிறிகள், படம் தெரியும்படி ஆணியில் அறைந்து. பக்கத்தில் குறிப்பு: ‘ஒடுக்கப்பட்ட மூச்சின் ஆவணம். காலத்தில் கரைந்துபோன, பெயரற்ற ஒரு சபை கைவிட்ட பொருட்கள். தொடாதீர்கள்.’ டீன் ஹால்ஸ்டெட் அம்மையார் அதை இரண்டுமுறை படித்து இரண்டுமுறையும் பெருமூச்சு விட்டார்.

காலத்தில் கரைந்துபோன சபை மூன்றரை மணிக்கு வண்டியில் வந்து இறங்கியது. பதினெட்டுப் பெண்கள், பதினெட்டுத் தொப்பிகள். தட்டில் விரல்நகம் அளவுக்கு ஏதோ பரிமாறினார்கள். சிஸ்டர் ஒடெல் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “பசிக்கும்னு தெரிஞ்சுதான் கோழி பொரிச்சு எடுத்தாந்தேன்,” என்று பையைத் திறந்தார். பிறகு குறிப்பைப் படித்தார். “பாவம், எந்த சபையோ. இப்படியா போட்டுட்டுப் போவாங்க?”

“நன்றிகெட்ட ஜனங்க,” என்றார் லவ்லேஸ் அம்மா.

கிட்ரெல் விசிறி ஜார்ஜியாவில் எந்த சபையில்தான் இல்லை? யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பீவீ தூண் ஓரமாக நின்று வேர்த்துக்கொண்டிருந்தார். அப்போது இடி இடித்தது. விளக்கு அணைந்தது, குளிர்சாதனம் ஒரு முனகலோடு நின்றது. மழை வரவில்லை. கண்ணாடிக் கூரைக்குக் கீழே பத்தே நிமிடத்தில் அனல். லவ்லேஸ் அம்மாவின் புதுத் தொப்பி ஒருபக்கமாகச் சாயத் தொடங்கியது.

வெர்டீன் யோசிக்கவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம் யோசிக்க விடாது. இடது கை முதுகுக்குப் பின்னால் போனது, வலது கை சுவரிலிருந்து ஒரு விசிறியை ஆணியோடு பிடுங்கியது. காவலாளி, “அம்மா, தொடக்கூடாது!” என்று ஓடிவந்தான். அவள் ஒரு விரலைத் தூக்கினாள். அவன் நின்றுவிட்டான்.

விசிறிக்கொண்டே விசிறியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். கிட்ரெல் எண்ணுக்குக் கீழே பென்சில் எழுத்து, அவளுடையதே: ‘எடுத்தால் திருப்பி வை. வெ.டி.’

கை ஒரு கணம் நின்றது. தம்பியைத் தேடிப் பார்த்தாள். பீவீ தரையைப் பார்த்தார். ஆனால் லவ்லேஸ் அம்மாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. மறுபடி விசிறினாள். ஒடெல் இன்னொன்றைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்து, “இது நம்ம நாலாவது வரிசை விசிறி!” என்று கத்தினார். அவ்வளவுதான், மற்றப் பெண்களெல்லாம் சுவரில் பாய்ந்தார்கள். வெர்டீன் வரிசை வரிசையாக விருந்தினர்களுக்கும் கொடுத்தாள், டீனுக்கும் ஒன்று. ஆராதனையில் கொடுப்பது போலவே, முகத்தைப் பார்க்காமல், சிறு தலையசைப்போடு. யாரோ கைதட்டினார்கள். மண்டபமே தட்டியது.

டீன் ஹால்ஸ்டெட்டின் கண்கள் ஈரமாகியிருந்தன. “ஆவணம் உயிர்த்தெழுந்துடுச்சு! அபாரம், க்வாபெனா! இத எங்ககிட்ட சொல்லவே இல்லையே!” வெர்டீனிடம் திரும்பினார். “எவ்வளவு நாள் ஒத்திகை பாத்தீங்க?”

“இருபத்திரண்டு வருஷம்,” என்றாள் வெர்டீன்.

பீவீக்கு அப்போதும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. டீன் கையைக் குலுக்கினார். பீவீயும் குலுக்கினார். “நன்றி,” என்றார். அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை அவர் வாழ்நாளில் சொன்னதில்லை, அது அவருக்கும் தெரிந்தது.

வண்டி ஏறும்போது விசிறிகள் அட்டைப்பெட்டியில் வெர்டீனின் மடியில் இருந்தன. ஜன்னல் வழியாகச் சொன்னாள்: “சட்டிய எடுத்தே, வாயத் திறந்தேனா? என்னை உட்கார வச்சது தெரிஞ்சும் போன்ல யாரு எடுத்திருப்பாங்கன்னு கேட்டியே, அதத்தான்டா தாங்க முடியல. நாளைக்குப் பதினோரு மணி. நீயே சொல்லு.”

ஞாயிற்றுக்கிழமை பீவீ முன்னால் போய் நின்றார். குளிர்சாதனம் இன்னும் பழுதாகவே இருந்தது. கடைசி வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள்: டீன் ஹால்ஸ்டெட், இரண்டாம் பாகம் பார்க்க வந்திருந்தார்.

“சபையோரே,” என்று ஆரம்பித்தார் பீவீ. “ஆவணம் என்பது அதிகாரத்தின்…”

“தம்பி,” என்றார் டீக்கன் பெண்டில்டன். “எடுத்தியா, எடுக்கலையா?”

பீவீ அக்காவைப் பார்த்தார். ஐந்தாவது வரிசையில், மடியில் வெறும் கைகளோடு உட்கார்ந்திருந்தாள்.

“எடுத்தேன். கேக்காம எடுத்தேன். அக்காவ உட்கார வச்சீங்கன்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல. நேத்து கைதட்டினப்பவும் திறக்கல. அது நாடகமில்ல, திருட்டு.” கடைசி வார்த்தையை டீனைப் பார்த்துச் சொன்னார். பதினாறு வருடத்தையும் அதோடு விட்டுவிட்டதாகத்தான் அவர் நினைத்தார்.

டீன் எழுந்து நின்று தனியாகக் கைதட்டினார். டீக்கன் திரும்பிப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார். பிற்பாடு பீவீ டீனுக்கு மூன்று கடிதம் எழுதிப் பார்த்தார், திருடினேன் என்று பச்சையாக. மூன்றையும் பல்கலைக்கழகத்தார் படைப்பின் தொடர்ச்சி என்று கோப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பித்தளைத் தகட்டில் இப்போது ‘இணை’ இல்லை. அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் அவர் தலை குனிந்தே போகிறார்.

அன்று டீக்கன் மேசையிலிருந்த கையுறையை எடுத்துக்கொண்டு ஐந்தாவது வரிசைக்குப் போனார். “சிஸ்டர் டிஸ்டேல், எழுந்திரிங்க. தப்பு எங்களோடது,” என்றார். வெர்டீன் எழுந்தாள். பீவீயை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள், யோர்தானுக்குச் சாயம் பூசி முடிக்கும்வரை.

பாட்டு தொடங்கியது. பீவீயின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. முகத்தில் வழிந்ததில் வேர்வை எது, மற்றது எது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. வெள்ளைக் கையுறை போட்ட ஒரு கை அவர் முன்னால் நீண்டது, ஒரு விசிறியோடு. நடுவில் ஆணி ஓட்டை. பின்பக்கம் பென்சில் எழுத்து.

“வீசிக்கோ,” என்றாள் அக்கா, முகத்தைப் பார்க்காமல். “போகும்போது வச்சிட்டுப் போ.”